சித்திரை வெயிலில் ஃபிரேம் எண்ணுவது

சோதனைக்கு எடுத்த கம்ப்யூட்டர் நடுத்தர பட்ஜெட்டில் பலரும் கட்டிய ஒன்றுதான்: ரைசன் 5 5600 பிராசஸர், அதோடு பெட்டியில் வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலர், ரேடியான் ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி டிடிஆர்4 3200 ரேம் இரண்டு, பி450 மதர்போர்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), 1080பி மானிட்டர். ஓட்டும் கேம்கள் இரண்டு: 2018-இல் வந்த ஷேடோ ஆஃப் தி டூம் ரைடர், 2020-இல் வந்த சைபர்பங்க் 2077. இரண்டுக்குள்ளேயும் பெஞ்ச்மார்க், அதாவது கேமே ஒரே காட்சிகளை ஓட்டிக் கணக்கெடுக்கும் சோதனை, இருக்கிறது. ஆள் விளையாடினால் ஒவ்வொரு தடவையும் வேறு சந்துக்குள் திரும்புவார், பெஞ்ச்மார்க் திரும்பாது. அறை மதுரை அண்ணாநகரில், மொட்டைமாடிக்கு நேர் கீழே. ஏசி இல்லை. சீலிங் ஃபேன் ஒன்று.

கடைசியாகச் சொன்ன அந்த அறைதான் இந்தப் பதிவுக்கே காரணம். ஏசி போட்டு 22 டிகிரியில் யாரோ எடுத்த எண்ணைப் பார்த்து கார்டு வாங்கி, 36 டிகிரி அறையில் மாட்டிவிட்டு, "நமக்கு மட்டும் ஏன் குறையுது" என்று கேட்பது இங்கே வாடிக்கை. அதனால் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) அட்டவணை எதுவும் இதில் இல்லை. உங்கள் அறையில், உங்கள் எண்ணை, நாளைக்கும் நம்பும்படி எடுப்பது எப்படி என்பது மட்டும்.

முதலில் தெர்மாமீட்டர்

சாதாரண டிஜிட்டல் ரூம் தெர்மாமீட்டர் போதும். அதை வைக்கும் இடம்தான் முக்கியம். மேசை மேல் வைத்தால் கேபினட் பின்னால் விடும் சூட்டையும் சேர்த்துக் காட்டும். கேபினட்டின் முன்பக்கம், காற்று உள்ளே போகும் இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் அந்த டிகிரியை எழுதுங்கள்.

சிப்பின் சூடு, அறையின் சூட்டோடு ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்றாக ஏறும். 22 டிகிரி அறையில் 68 காட்டும் கார்டு, ஃபேன் வேகம் மாறாமல் இருந்தால், 36 டிகிரி அறையில் 82 பக்கம் போகும். கார்டில் கோளாறு இல்லை. கூடுதலாக வந்த 14 டிகிரியும் அறை கொடுத்தது. ஆகவே ஒப்பிட வேண்டியது சிப்பின் சூட்டை அல்ல, சிப்புக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசத்தை. அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் எடுத்த எண்ணும் மார்கழியில் எடுத்த எண்ணும் இப்படிக் கழித்துப் பார்த்தால்தான் ஒரே வரிசையில் நிற்கும்.

மொட்டைமாடிக்குக் கீழ் அறைகளில் இன்னொரு வில்லங்கம் உண்டு. காங்கிரீட் தளம் பகல் முழுக்க வாங்கிய வெயிலை இருட்டிய பிறகுதான் உள்ளே இறக்கும். "வெயில் தாழ்ந்ததும் பார்ப்போம்" என்று ராத்திரி எட்டு மணிக்கு உட்கார்ந்தால், அந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அறையின் சூடு மாறிக்கொண்டிருக்கும். விடியற்காலை ஐந்தரைக்கு அறை அதிகம் அசையாது. ஒரு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுவதென்றால் விடியற்காலை நல்லது. கார்டு தாங்குமா என்று பார்ப்பதென்றால் பிற்பகல் மூன்று மணியேதான், அதுவும் கத்திரி வெயிலில்.

சீலிங் ஃபேன் காற்றைக் குளிர்விப்பதில்லை, கேபினட்டைச் சுற்றி நிற்கும் சூட்டைக் கலைத்துவிடும், அவ்வளவுதான். ரெகுலேட்டர் எந்த எண்ணில் இருந்தது என்பதையும் எழுதிவையுங்கள். மேசைக்கு அடியில் கதவு போட்ட அலமாரிக்குள் கேபினட்டை வைத்திருந்தால் அங்கே வைத்தே ஒரு சோதனை, வெளியே எடுத்து ஒரு சோதனை. இந்த ஒரு ஒப்பீட்டிலேயே பலருக்கு விடை கிடைத்துவிடும்.

கரண்ட்

லோ வோல்டேஜில் எஃப்பிஎஸ் குறையும் என்று ஒரு பேச்சு உண்டு. குறையாது. எஸ்எம்பிஎஸ் உள்ளே வரும் 230 வோல்ட் 190 ஆனாலும் வெளியே 12 வோல்ட்டைத்தான் கொடுக்கும். அதற்காக அதிக ஆம்பியர் இழுத்துக்கொள்ளும். தாங்கும் எல்லையைத் தாண்டினால் நேரே ஆஃப் ஆகும் அல்லது ரீஸ்டார்ட் ஆகும். நடுவில் "கொஞ்சம் மெதுவாக" என்ற நிலை அதற்குக் கிடையாது. லோ வோல்டேஜில் உண்மையில் மெதுவாவது சீலிங் ஃபேன்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆர்எக்ஸ் 6600-க்கு 132 வாட். ரைசன் 5 5600-இன் டிடிபி (கூலர் சமாளிக்க வேண்டிய சூட்டின் கணக்கு) 65 வாட் என்று எழுதியிருந்தாலும் சாக்கெட் வழியே அது 76 வாட் வரை எடுக்கலாம். போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன்களுக்கு 40 என்று வைத்தால் ஏறக்குறைய 250 வாட். எஸ்எம்பிஎஸ் 85 சதவீதத் திறனுடையது என்றால் சுவரிலிருந்து 295 வாட் பக்கம் இழுக்கும், மானிட்டரோடு 320. வீட்டில் இருக்கும் 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் தரக்கூடியது. கணக்குக்குச் சரி, ஆனால் இடைவெளி மிகக் குறைவு. கார்டு கண நேரத்துக்கு எகிறி இழுக்கும்போது கரண்ட் போனால் யூபிஎஸ் கத்திவிட்டு அணைந்துவிடும். 1000 விஏ, 600 வாட் என்றால் நிம்மதி.

ஸ்கொயர் வேவ் ஹோம் இன்வர்ட்டரில் ஓட்டுபவர்கள் கவனிக்க: ஆக்டிவ் பிஎஃப்சி (இழுக்கும் கரண்டைச் சீராக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ்கள் சில அந்த அலைவடிவத்தை ஏற்காமல் கைமாறும் நொடியிலேயே ஆஃப் ஆகும். ஐடிலில் தாங்கும், கேம் ஓடும்போதுதான் போகும். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் பம்புசெட் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில், யூபிஎஸ் ரிலே அடிக்கடி "டிக் டிக்" என்று மாறுவது கேட்டால் அந்த ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

யாரும் பார்க்காத ஒரு பேட்டரி

மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற வட்ட பேட்டரி தீர்ந்துபோனால், சுவிட்ச் போர்டில் கரண்ட் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்தடை வந்தால், பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்குகளை வைத்திருக்கும் மென்பொருள்) அத்தனையும் மறந்துவிடும். அதோடு ரேமை அதற்குச் சொன்ன முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி செட்டிங்கும் போய்விடும். 3200-இல் ஓடிக்கொண்டிருந்த ரேம் சத்தமில்லாமல் 2133-க்கோ 2400-க்கோ 2666-க்கோ இறங்கும். கம்ப்யூட்டர் வழக்கம்போல ஆன் ஆகும், கேமும் ஓடும். அப்டேட்டுக்குப் பிறகு கேம் கெட்டுவிட்டது என்று பழி மட்டும் கேம் மேல் விழும்.

அடையாளம் எளிது. தேதி, நேரம் தப்பாக இருக்கும்; அதனால் ஸ்டீம், பிரௌசர் இரண்டும் செக்யூரிட்டி சான்றிதழ் சரியில்லை என்று அடம்பிடிக்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் வேகத்தைப் பாருங்கள். பேட்டரியை மல்ட்டிமீட்டரில் வைத்தால் புதியது 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 2.8-க்குக் கீழே என்றால் மாற்றிவிடுங்கள். சாதாரண வாட்ச் கடையிலேயே கிடைக்கும். மாற்றிய பிறகு பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி, அபவ் 4ஜி டீகோடிங், ரீசைசபிள் பார் மூன்றையும் திரும்ப ஆன் செய்ய வேண்டும். ஆர்எக்ஸ் 6000 வரிசைக்குக் கடைசி இரண்டும், கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே வீச்சில் எட்ட உதவுவதால், பலன் தருபவை.

ஓட்டத்துக்கு முன்

கேமுக்குள் வி-சிங்க் (ஃபிரேமை மானிட்டரின் வேகத்தோடு பூட்டுவது) ஆஃப், ஃபிரேம் லிமிட் ஆஃப், டைனமிக் ரெசல்யூஷன் ஆஃப், எஃப்எஸ்ஆர் (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்குவது) ஆஃப். சைபர்பங்கில் பிரீசெட்டைத் தேர்ந்த பிறகு எஃப்எஸ்ஆர் தானாக ஆன் ஆகியிருக்கிறதா என்று திரும்பப் போய்ப் பாருங்கள். பிறகு டிரைவர் மென்பொருளில் ஃபிரேமைக் கட்டுப்படுத்தும் ரேடியான் சில், ஃபிரேம் ரேட் டார்கெட் இரண்டும் ஆஃப். சராசரி 59.9 என்றும் 1% லோ (மிக மெதுவான 1 சதவீத ஃபிரேம்களின் எஃப்பிஎஸ்) அதை ஒட்டியும் வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். எங்கேயோ ஒரு பூட்டு மாட்டியிருக்கிறது.

விண்டோஸ் அப்டேட்டை ஒரு வாரத்துக்கு நிறுத்திவையுங்கள். மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதி ஆன் ஆக இருந்தால் சிபியூ, அதாவது பிராசஸர், பக்கம் கொஞ்சம் இழப்பு உண்டு. அதை அணைக்கச் சொல்லவில்லை, எந்த நிலையில் இருந்தது என்று எழுதுங்கள் போதும். என்விடியா கார்டைக் கழற்றி ஏஎம்டி மாட்டினால் சேஃப் மோடில் டிடியூ என்ற மென்பொருள் மூலம் பழைய டிரைவரைத் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கார்டின் விவரம் காட்டும் ஜிபியூ-இசட்டில் பஸ் இன்டர்ஃபேஸ் (கார்டும் போர்டும் பேசும் பிசிஐஇ பாதை) பார்ப்பவர்கள் ஐடிலில் பிசிஐஇ 1.1 என்று கண்டு பதறுவது உண்டு. மின்சாரம் மிச்சப்படுத்த அது அப்படித்தான் இறங்கியிருக்கும். கேம் ஓடும்போது பாருங்கள். பி450 போர்டில் 3.0 x8 (மூன்றாம் தலைமுறை வேகம், 8 லேன்) என்று வந்தால் சரி. கார்டில் இருப்பதே 8 லேன்தான், 4.0 வேகம் அந்த போர்டுக்குக் கிடையாது.

ஓட்டம்

பெஞ்ச்மார்க்கைக் குறைந்தது ஐந்து தடவை, இடையில் நிறுத்தாமல். முதல் ஓட்டத்தைத் தூக்கிப் போடுங்கள். புது டிரைவர் போட்டிருந்தால் ஷேடர் கேஷ் (கார்டுக்காக முன்பே தயாரித்துச் சேமித்த நிரல்கள்) காலியாக இருக்கும். அதை அந்த நேரத்தில் கம்பைல் செய்வதால் திக்கித் திக்கி ஓடும். அதேசமயம் சிப் இன்னும் முழுதாகச் சூடேறாமல் இருந்தால் கிளாக் (சிப் ஓடும் வேகம்) வழக்கத்தைவிட மேலே நிற்கும். ஒரே ஓட்டத்தில் ஒரு பொய் கீழே இழுக்கிறது, இன்னொரு பொய் மேலே தூக்குகிறது.

கேபினட் முழுதாகச் சூடேறி நிலைபெற இருபது நிமிடம் ஆகும். சைபர்பங்க் பெஞ்ச்மார்க் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான். எனவே ஓட்டங்களுக்கு முன் இருபது நிமிடம் கேமுக்குள் எங்கேயாவது ஓடவிட்டு, உடனே தொடங்குங்கள். பக்கத் தகடு மூடியிருக்க வேண்டும். திறந்துவைத்து எடுத்த எண், திறந்துவைத்தே விளையாடுபவருக்கு மட்டும்தான்.

கடைசி மூன்று ஓட்டங்களின் சராசரி 3 சதவீதத்துக்குள் ஒத்துவந்தால் எழுதிக்கொள்ளலாம். விலகினால் பின்னணியில் ஏதோ ஓடுகிறது, அல்லது சூட்டில் கிளாக் இறங்குகிறது. இரண்டாவதைக் கண்டுபிடிக்க சூடு, கிளாக் இவற்றைப் படிக்கும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைப் பின்னால் ஓடவிட்டு லாக் எடுங்கள். இரண்டு நொடிக்கு ஒரு தடவை படித்தால் போதும். 100 மில்லிநொடிக்கு இறக்கினால் அதுவே திக்கலை உண்டாக்கும். ஜிபியூ (கிராபிக்ஸ் கார்டின் சிப்) கிளாக் முதல் ஓட்டத்தில் 2450 மெகாஹெர்ட்ஸ், ஐந்தாவதில் 2300 என்றால் 6 சதவீதம் வெயிலுக்குப் போனது.

எல்லைகள்: 5600-க்கு 90 டிகிரி, ஆர்எக்ஸ் 6600-இன் ஹாட்ஸ்பாட்டுக்கு (சிப்பில் அதிகம் சூடான புள்ளி) 110. ஹாட்ஸ்பாட்டுக்கும் சாதாரண ஜிபியூ சூட்டுக்கும் 15, 20 டிகிரி இடைவெளி இயல்பு. 30-ஐத் தாண்டினால் சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் உள்ள பேஸ்ட் காய்ந்திருக்கிறது அல்லது ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை. அந்த வரிசைக் கார்டில் மென்பொருள் காட்டும் வாட் சிப்புக்கு மட்டுமானது, முழு போர்டுக்கு அல்ல. 132-ஐத் தொடவில்லையே என்று பவர் லிமிட்டை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள்.

எஃப்பிஎஸ் என்ற ஒற்றை எண்

சராசரி எவ்வளவு மறைக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. 60 நொடி ஓட்டம், 4800 ஃபிரேம். சராசரி 80 எஃப்பிஎஸ். அதில் 1 சதவீதம், அதாவது 48 ஃபிரேம்கள், ஒவ்வொன்றும் 40 மில்லிநொடி எடுத்தன என்று வையுங்கள். அந்த 48-க்கும் சேர்த்து 1.92 நொடி. மீதி 4752 ஃபிரேம்கள் 58.08 நொடியில் ஓடி முடிகின்றன. சராசரி இன்னும் 80-தான். ஆனால் 1% லோ 25. கண்ணுக்குத் தெரிவது அந்த 25. விளையாடுகிறவர் "ஸ்டக் ஆகுது" என்பார், அட்டவணை 80 என்று காட்டும், இரண்டு பேரும் சரி.

1% லோவுக்கு இரண்டு விதமான கணக்கு புழக்கத்தில் இருக்கிறது. ஒன்று, மிக மெதுவான 1 சதவீத ஃபிரேம்களின் சராசரி. இன்னொன்று, 99-ஆவது சதமானத்தில் இருக்கும் ஒற்றை ஃபிரேமின் மதிப்பு. ஃபிரேம் நேரத்தைப் பதிவுசெய்யும் கேப்ஃப்ரேம்எக்ஸ் மென்பொருள் இரண்டையும் தனித்தனியாகத் தரும். ஒரே கோப்பிலிருந்து இரண்டு எண்கள் வரும், முதலாவது குறைவாக இருக்கும். வேறொருவரின் எண்ணோடு ஒப்பிடும்போது அவர் எதைப் போட்டார் என்று தெரியாமல் சண்டைக்குப் போக வேண்டாம். 0.1% லோவை ஒரு நிமிட ஓட்டத்தில் நம்பவே வேண்டாம்; 4800-இல் அது வெறும் ஐந்து ஃபிரேம்.

எக்செல்லில் தாங்களே கணக்கிடுபவர்கள் செய்யும் தவறு ஒன்று: ஒவ்வொரு ஃபிரேமையும் எஃப்பிஎஸ் ஆக மாற்றி அவற்றின் சராசரியை எடுப்பது. 10 மில்லிநொடி ஒரு ஃபிரேம், 20 மில்லிநொடி ஒரு ஃபிரேம் என்றால் அது 100, 50, சராசரி 75 என்று வரும். உண்மையில் 30 மில்லிநொடியில் 2 ஃபிரேம், 66.7. மொத்த ஃபிரேமை மொத்த நேரத்தால் வகுப்பதே சரி.

தடுப்பது யார்

டூம் ரைடர் பெஞ்ச்மார்க்கில் மூன்று காட்சிகள். முடிவுத் திரையில் சிபியூ, ஜிபியூ தனித்தனி எண்களோடு, ஓட்டத்தில் எத்தனை சதவீதம் ஜிபியூதான் தடையாக இருந்தது என்றும் போட்டுவிடும். மூன்றாவது காட்சியில் ஊர்சனம் நடமாடுவதால் சிபியூ வேலை அதிகம். இந்த வசதி இல்லாத கேம்களுக்குப் பழைய வழியே போதும்: 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் எகிறினால் ஜிபியூ தடுத்தது. அப்படியே நின்றால் சிபியூவோ ரேமோ.

ரேம் என்றதும் கடைகளில் காதில் விழும் ஒரு யோசனை: "இப்ப 16 ஜிபி ஒத்த ஸ்டிக் போட்டுக்கங்க, பின்னாடி இன்னொன்னு சேத்துக்கலாம்." அந்தப் "பின்னாடி" பெரும்பாலும் வருவதில்லை. டிடிஆர்4 3200 ஒற்றை ஸ்டிக் நொடிக்கு 25.6 ஜிபி தகவலைக் கடத்தும். இரண்டு ஸ்டிக் 51.2. அளவு அதே 16 ஜிபி, பாதை பாதி. சைபர்பங்கில் நெரிசலான சந்தைப் பகுதியில் நடந்தால் ஒற்றை ஸ்டிக்கில் ஜிபியூ பயன்பாடு 99-லிருந்து இறங்கி ஊசலாடும், 1% லோ சராசரியைவிட மோசமாக அடிவாங்கும். நான்கு ஸ்லாட் போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி 2, 4. 1, 2 அல்லது 3, 4 என்று செருகினால் இரண்டு ஸ்டிக் இருந்தும் ஒற்றைப் பாதைதான்.

விரேம், அதாவது கார்டிலேயே இருக்கும் மெமரி, தனிக் கணக்கு. ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் மொத்த மெமரி, அந்தக் கேம் மட்டும் எடுப்பது என்று இரண்டு அளவீடுகள் உண்டு, இரண்டாவதைப் பாருங்கள். 8 ஜிபி நிறைந்தால் மிச்சம் சிஸ்டம் ரேமுக்கு வழியும். பிசிஐஇ 3.0 x8 பாதையில் நொடிக்கு 8 ஜிபிக்கும் குறைவாகத்தான் வந்துபோகும். டெக்ஸ்ச்சரை ஒரு படி இறக்கினால் திக்கல் நின்றுவிட்டது, சராசரி அசையவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம், விரேம்தான்.

படத்தின் தரம்

எல்லாவற்றையும் அல்ட்ராவில் வைத்து எஃப்பிஎஸ் எடுப்பதில் பயன் குறைவு. ஒரே சேவ் கோப்பு, ஒரே இடம், ஒரே நேரம். ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றி பிஎன்ஜி ஸ்கிரீன்ஷாட். ஜேபிஜி வேண்டாம், அதன் கறையையே கேமின் குறை என்று நினைக்கத் தோன்றும். டெக்ஸ்ச்சர், விரேம் இடமிருக்கும்வரை, ஏறக்குறைய இலவசம். தூரத்துத் தரையைத் தெளிவாக்கும் 16எக்ஸ் அனிசோட்ரோபிக்கும் அப்படியே. நிழல், வால்யூமெட்ரிக் மூட்டம், ஸ்கிரீன் ஸ்பேஸ் ரிஃப்ளெக்ஷன் மூன்றும் ஜிபியூவை உறிஞ்சும். கூட்டத்தின் அடர்த்தி சிபியூவை. மூட்டத்தை அல்ட்ராவிலிருந்து மீடியத்துக்கு இறக்கி, இரண்டு படங்களையும் பெயர் தெரியாமல் வேறொருவரிடம் காட்டி எது எது என்று கேளுங்கள். பெரும்பாலும் சொல்ல மாட்டார்.

எஃப்எஸ்ஆர் குவாலிட்டி 1080பி-யில் உள்ளே 1280×720-இல்தான் வரைகிறது. புள்ளிகள் 44 சதவீதம். அதன் குறை நிற்கும் படத்தில் தெரியாது. கம்பிவேலி, மின்கம்பி, தலைமுடி இவற்றின் பக்கமாக நடந்துகொண்டே வீடியோ எடுங்கள், மினுமினுப்பு அங்கேதான். ஃபிரேம் ஜெனரேஷனில் (நடுவில் ஃபிரேம்களைத் தானே உருவாக்கிச் செருகுவது) வரும் எண்ணை இந்தக் கணக்குகளோடு சேர்க்கவே வேண்டாம். ஃபிரேம் கூடும், மவுஸை அசைத்ததற்கும் திரை அசைவதற்கும் இடையே உள்ள நேரம் குறையாது.

சூடு அதிகம் என்று தெரிந்த பிறகு

முதலில் பக்கத் தகட்டைக் கழற்றி ஓர் ஓட்டம். நான்கைந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் கேபினட்டுக்குள் காற்று போதவில்லை, பேஸ்ட்டைத் தொடாதீர்கள். இறங்காவிட்டால் கூலரைப் பாருங்கள். புளோயர் பிடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தறிகெட்டுச் சுற்றவிட்டால் பேரிங் போகும்.

கூலரைக் கழற்றுவதில்தான் ஏஎம்4 (இந்த ரைசன் உட்காரும் சாக்கெட்) ஆட்கள் அழுவார்கள். காய்ந்த பேஸ்ட் பசை மாதிரிப் பிடித்திருக்க, நேரே மேலே இழுத்தால் பூட்டிய சாக்கெட்டிலிருந்தே பிராசஸர் பிய்த்துக்கொண்டு வரும், பின்கள் வளையும். பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கி, ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கி, நான்கு ஸ்குரூவையும் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகிய பிறகே தூக்குங்கள். ஸ்டெல்த் கூலரின் ஸ்குரூக்கள் போர்டுக்குப் பின்னால் உள்ள தகட்டில் மாட்டுபவை. நான்கும் கழன்றதும் தகடு பின்பக்கம் விழும், ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு பேஸ்ட். மாட்டும்போதும் குறுக்காகவே.

கேபினட்டின் முன்வலையை ஆடிக் காற்று தொடங்கியதும் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை கழுவினாலும் தகும். புழுதி அந்த மாதத்தில் அப்படி ஏறும். வலை ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்த பிறகு மாட்டி, தகட்டை மூடி, தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டு, அதே இருபது நிமிடச் சூட்டிலிருந்து மறுபடியும் ஐந்து ஓட்டம்.